செவலைக்கு நெம்பர் இருக்குது, உனக்கு எங்க அப்புனு?

நம்ம செவலைக்குக் காதுல மஞ்சத் தோடு ஒண்ணு மாட்டியிருக்குதே, பாத்தியா அப்புனு? மாட்டாஸ்பத்திரிக்காரங்க வந்து குத்திப்போட்டுப் போனது. அதுல 12 இலக்கம் இருக்குது. செவலை எந்தக் காட்டுக்கு மேயப் போனாலும் நெம்பரும் கூடவே போகுது, பொழுதோட கூடவே வருது. நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆகி இன்சூரன்ஸ் காசு கேக்க வேண்டி வந்தாலும் எவனும் அதைப் புடிச்சு, "ஏம்மா, உன்ற நெம்பர் என்ன?"ன்னு கேக்க மாட்டான். காதைப் பாத்து எழுதிக்குவான்.

நீ பாலிடெக்னிக் முடிச்சவன். திருப்பூர்ல பெரிய பனியன் கம்பெனில வருசக்கணக்கா கழுத்துல பட்டை தொங்கவிட்டுட்டுத் திரிஞ்சவன். வண்டிக்கு பேன்சி நெம்பர் வேணும்னு காசு கட்டி வாங்கியாந்தவன். பொங்க நோம்பிக்கு வந்த படம் எத்தன கோடி வசூல்னு கேட்டா மூச்சு விடாமச் சொல்றே. உன்ற இ.எஸ்.ஐ. நெம்பர் என்னன்னு கேட்டா மட்டும் ஓட்டைப் பாக்கறே, மோட்டு வளையைப் பாக்கறே, கடைசில என்ற மூஞ்சியைப் பாக்கறே. என்ற மூஞ்சில எழுதியிருந்தா நானே படிச்சுச் சொல்லியிருப்பனே கண்ணு.

கம்பெனிக்காரன் என்ன சொல்லி அனுப்புனான்? "ஆர்டர் வந்ததும் கூப்புடறோம் தம்பி"ன்னான். 2025 ஆகஸ்ட்டுல அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு வரியை 50 சதவீதத்துக்கு ஏத்தி உட்டதுலருந்து இந்தப் பழமை திருப்பூர்ல புதுசு இல்ல. நீயும் அதை நம்பிப் போனைப் பாத்துட்டே கட்டில்ல படுத்துக் கிடந்தே. உன்ற அம்மிச்சி மூணு வேளையும் சோறு போட்டா, நானும் ஒண்ணும் சொல்லுல. அப்பறம் டீக்கடையில எவனோ, "வேலை போனா இ.எஸ்.ஐ.ல மூணு மாசத்துக்குப் பாதிச் சம்பளம் தருவாங்களாமா"ன்னு சொன்னதும் எந்திரிச்சு ஓடுனே பாரு, அந்த ஓட்டத்தைக் கம்பெனில ஓடியிருந்தா உன்னை மேனேஜராக்கி உட்டிருப்பாங்க.

பிரவுசிங் சென்டர்ல நடந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்காதே. அந்தப் புள்ள நம்ம பங்காளி ஊட்டுப் புள்ளதான். அது "இன்சூரன்ஸ் நெம்பர் சொல்லுங்ணா"ன்னு கேட்டுச்சு, நீ பி.எஃப். நெம்பரைச் சொன்னே. "இதுல 12 இருக்குதுங்ணா, 10தான் வேணும்"னு அது சொன்னதும், "அப்ப கடைசி ரெண்டை வெட்டிப்போட்டு அடி"ன்னயாமா. கட்டிங் செக்சன்ல வேலை பாத்தவன்ங்கறதை அங்கயுமா காட்டோணும்?

இப்பவாச்சும் காதைக் குடு. பி.எஃப்.காரங்க குடுக்கறது 12 இலக்கம், யு.ஏ.என்.னு சொல்லுவாங்க. அது வேற சட்டி, வேற சோறு. இ.எஸ்.ஐ.ல உனக்குன்னு போட்ட இன்சூரன்ஸ் நெம்பர் 10 இலக்கம். போன் நெம்பரும் 10 இலக்கமாப் போச்சா, அந்தக் கட்டத்துல போன் நெம்பரை எழுதிப்போட்டு, "காசு வருலியே"ன்னு காத்திருந்த மகராசனுகளும் நம்மூர்ல இருக்கறாங்க. இதுபோக 17 இலக்கத்துல இன்னொண்ணு உண்டு. பாக்கறதுக்கு நீளமா, கம்பீரமா இருக்கும். அது கம்பெனியோட கோடு, உன்றது இல்ல. அதைக் கொண்டுபோய் நீட்டுனா, வேலை போனது முதலாளிக்குத்தானாட்ட இருக்குதுன்னு அவருக்குப் பாதிச் சம்பளம் போட்டு உட்டுருவாங்க, சாக்கிரதை.

அந்த 10 இலக்க நெம்பர் ஆரோடதுன்னு நெனைக்கறே? கம்பெனி குடுத்தது, கம்பெனியோடதுன்னுதான் நீ நெனைச்சுட்டு இருக்கறே. அங்கதான் உன்ற கெரகமே சுத்துது. கம்பெனிக்காரன் பேரைப் பதிஞ்சு உட்டான், அவ்வளவுதான் அவன் சோலி. நெம்பர் உன்றது. நீ பத்துக் கம்பெனி மாறுனாலும் அது மாறக்கூடாது. வேலைல சேந்த அன்னிக்கு வாங்குனது வேலை ஓயற வரைக்கும், ஓஞ்சதுக்கு அப்பறமும் கூட வரோணும்.

ஆனா உங்களாட்டம் பசங்களுக்கு அதைத் தொலைக்கற வித்தை நல்லா வருது. நீ இன்னம் முழுசாத் தேறுல, அதனால அப்புச்சி நானே சொல்லித் தாறேன், கேட்டுக்கோ. சேந்த அன்னிக்கு எச்.ஆர். ரூம்புல போட்டோ புடிச்சு ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்குவாங்க, அதுல என்ன இருக்குதுன்னு படிக்காதே. படிச்சா கெட்டுப் போயிருவே. அவங்க இ-பெஹ்சான் கார்டுன்னு ஒண்ணைப் பிரிண்ட் போட்டுத் தருவாங்க, பேரு வாயில நுழையுலன்னு அங்கயே வெச்சுப்போட்டு வந்துரு. சனிக்கிழமை சம்பளத்தோட சீட்டுக் குடுத்தா, ராத்திரி புரோட்டாக் கடையில கை தொடைச்சுக்கோ. இலவச டேட்டா எவன் எச்சாத் தாறானோ அவனுக்கு சிம்மை மாத்திக்கோ. பழைய போன் நெம்பர்லதான் ஓ.டி.பி. வரும்னு எவனாச்சும் சொன்னா, "அதெல்லாம் பாத்துக்கலாம்"னு சொல்லிரு.

இதெல்லாம் சில்லறை வேலை. பெரிய வேலை ஒண்ணு இருக்குது. புதுக் கம்பெனில சேரும்போது, "ஏற்கெனவே இ.எஸ்.ஐ. நெம்பர் இருக்குதா?"ன்னு ஒரு கேள்வி கேப்பாங்க. அப்ப நெஞ்சை நிமித்திக்கிட்டு "இல்லீங்க"ன்னு சொல்லிப்போடு. பழைய எடத்துல சொல்லாமக் கொள்ளாம நின்னது தெரிஞ்சுபோயிருமோன்னு உனக்கு ஒரு பயம், அதுக்கு மேல தேடறதுக்கு ஒரு சோம்பல். அவங்களும் சோலி முடிஞ்சாப் போதும்னு புதுசா ஒரு நெம்பர் போட்டு உட்டுருவாங்க. இப்ப ஆதார் கேக்கறதால அந்த வித்தை முன்னாட்ட எடுபடறதில்லை, இருந்தாலும் பழைய பாவம் பல பேருக்கு ரெண்டு நெம்பரா நிக்குது. உனக்கும் ரெண்டு இருக்குதுன்னு என்ற மனசு சொல்லுது. நடுவுல ஒரு கம்பெனில சண்டை போட்டுட்டு நின்னியல்லோ, அதைத்தான் சொல்றேன்.

ரெண்டு நெம்பர் இருந்தா ரெண்டு பங்கு காசு வரும்னு சிரிக்கறே. அட ஈரவெங்காயம், கணக்குப் போட்டுப் பாரு. இ.எஸ்.ஐ.க்கு வருசம்ங்கறது ரெண்டு துண்டு. ஏப்ரல் ஒண்ணாந் தேதிலருந்து செப்டம்பர் 30 வரைக்கும் ஒண்ணு, அக்டோபர் ஒண்ணுலருந்து மார்ச் 31 வரைக்கும் ஒண்ணு. இந்த வேலையில்லாப் படி வேணும்னா, வேலை போறதுக்கு முந்துன துண்டுல 78 நாளுக்குக் கொறையாம உன்ற பேர்ல பணம் கட்டியிருக்கோணும். அதுக்கு முன்னால இருக்கற மூணு துண்டுல ஏதாச்சும் ஒண்ணுலயும் 78 நாள் இருக்கோணும். மொத்தத்துல ரெண்டு வருசமாவது இன்சூரன்ஸ்ல இருந்திருக்கோணும்.

இப்ப நீ ஏப்ரல்லருந்து ஜூன் வரைக்கும் ஒரு கம்பெனில 70 நாள் வேலை செஞ்சேன்னு வெய்யி. ஜூலைக்கு மேல இன்னொரு கம்பெனில 72 நாள். கூட்டுனா 142 ஆச்சு, தாராளமா மிச்சம். ஆனா மொதக் கம்பெனி 70 நாளை ஒரு நெம்பர்ல கட்டியிருக்குது, ரெண்டாவது 72 நாளை இன்னொரு நெம்பர்ல கட்டியிருக்குது. அந்த நெம்பரைத் தட்டுனா 70, இந்த நெம்பரைத் தட்டுனா 72. ரெண்டும் 78ஐ எட்டுல. கம்ப்யூட்டருக்கு நீ ரெண்டு ஆளு, ரெண்டு பேருமே கொறையா வேலை செஞ்ச ஆளு. வேர்த்தது பூராவும் நீதான்னு அதுகிட்டப் போய்ச் சட்டையைக் கழட்டிக் காட்ட முடியுமா?

அப்படி ரெண்டு இருந்தா, இ.எஸ்.ஐ. கிளை ஆபீஸுக்குப் போய் ரெண்டையும் சேத்து உடச் சொல்லி எழுதிக் குடுக்கோணும். ஆதாரும், ரெண்டு கம்பெனிலயும் வேலை செஞ்சதுக்கு அடையாளமும் கேப்பாங்க. காசு கேக்கப் போறதுக்கு முன்னால இதைச் செய்யோணும். அப்பறம் செஞ்சா நாள் இழுக்கும்.

சரி, நெம்பரைத் தேடற பழமைக்கு வாறேன். மொதல்ல சம்பளச் சீட்டு. அதுல ஓரமா "இ.எஸ்.ஐ. நோ"ன்னு போட்டு 10 இலக்கம் இருக்கும். அதுதான் புரோட்டாக் கடைக்குப் போயிருச்சே. அடுத்தது எச்.ஆர்.ல இருக்கற பொண்ணு. அதுக்கு நீ போன் போடறே, எடுக்க மாட்டேங்குது. ஏன் எடுக்கும்? நின்னு போன ஆளு பாக்கிச் சம்பளம் கேக்கத்தான் கூப்புடறான்னு அது நெனைக்குது. "அம்மணி, காசு வேண்டாம், என்ற இ.எஸ்.ஐ. நெம்பர் மட்டும் போதும்"னு வாட்ஸ்அப்புல எழுதிப் போடு. ரெண்டு நிமிசத்துல வரும். காசு வேண்டாம்னு சொன்னா எல்லாக் கதவும் தொறக்கும், எழுதி வெச்சுக்கோ.

நெட்டுல பாத்துக்கறேன்னு நீ சொல்லுவே. இ.எஸ்.ஐ.க்காரங்க வலைத்தளத்துல தொழிலாளிக்குன்னு தனியா ஒரு வாசல் வெச்சிருக்கறாங்க. உள்ள போனா உன்ற நெம்பர், ஊட்டு ஆளுங்க பேரு, எந்த மாசம் எத்தன நாளுக்கு எவ்வளவு கட்டுனாங்க, எல்லாம் தெரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனா அந்த வாசல்ல மொதல்ல கணக்குத் தொடங்கறதுக்கு என்ன கேக்கறாங்க தெரியுமா? இன்சூரன்ஸ் நெம்பர். நெம்பரைத் தெரிஞ்சுக்கப் போறவங்கிட்ட நெம்பரைச் சொல்லு, உள்ள உடறேன்ங்கறாங்க. இதை ரோசனை பண்ணி எழுதுனவன் கண்டிப்பா நம்மூட்டு ஒறம்பரையாத்தான் இருக்கோணும்.

நெம்பர் தெரிஞ்சாலும் அதோட நிக்காது. பொறந்த தேதி கேக்கும். உனக்குப் பொறந்த தேதி எத்தன? உன்ற ஆத்தா சொல்லுவா, மாரியாத்தா நோம்பிக்குக் கம்பம் நட்ட மக்யா நாளுன்னு. பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஜூன் மாசம்னு எழுதுனாரு. ஆதார்ல ஒண்ணு இருக்குது. கம்பெனில சேரும்போது நீ அவசரத்துல என்ன சொன்னியோ, அதுதான் அங்க இருக்குது. அது ஒத்து வருலன்னா கதவு தொறக்காது. பேருலயும் அப்படித்தான். நம்ம பேரை இங்கிலீசுல எழுதும்போது கம்பெனில ஒரு எழுத்தைக் கூட்டுவான், பேங்க்குல ஒரு எழுத்தைக் கொறைப்பான், ஆதார்ல அப்பன் பேரைப் பின்னாடி ஒட்டி உட்டிருப்பான். தமிழ்ல நீ ஒரே ஆளு, இங்கிலீசுல மூணு பங்காளி. இதையெல்லாம் வேலைல இருக்கும்போது கம்பெனி மூலமாத் திருத்தறது சுலபம். வெளிய வந்தப்பறம் திருத்தறதுக்குள்ள கண்ணு பூத்துப் போயிரும்.

இப்ப நான் ஒண்ணு காட்டறேன். எந்திரிச்சு அந்த அலமாரில உன்ற ஆத்தா வெச்சிருக்கற மஞ்சப்பையை எடு. ரேசன் கார்டு, கரண்டுப் பில்லு, ஜாதகம், உன்ற தங்கச்சி காது குத்துன மொய் நோட்டு... அதுக்கு அடில பாரு, நாலா மடிச்ச சீட்டு ஒண்ணு. மடிப்புல கிழிஞ்சு, எண்ணெய்க் கறை புடிச்சு இருக்குதே, அதேதான். உன்ற ஆத்தாளுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க இ.எஸ்.ஐ. மருந்தகத்துல போட்ட சீட்டு. மேல நோயாளி பேரு உன்ற ஆத்தா பேரு. அதுக்குப் பக்கத்துல இருக்கற எண்ணை எண்ணு. பத்து வருதா? அதுதான் உன்ற நெம்பர். நீ கம்பெனில வாங்குன நெம்பரைக் காட்டித்தான் உன்ற ஆத்தா மாசாமாசம் மருந்து வாங்கறா. உனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட மெடிக்கல்ல காசு குடுத்து மாத்திரை வாங்குனே, அவ படிக்காதவ, பஸ் ஏறிப் போய் வாங்கி, சீட்டையும் பத்திரமா மடிச்சு வெச்சிருக்கறா. இப்ப ஆரு படிச்சவ, நீயே சொல்லு.

இந்தச் சீட்டோட மதிப்பு எனக்கு எப்படித் தெரியும்? நான் கோயமுத்தூர்ல நூல்மில்லுல ரிங் பிரேம் ஓட்டுனவன். நம்ம பக்கம் இ.எஸ்.ஐ. வந்ததே 1955ல, கோயமுத்தூர்லதான். நான் ஓய்வு வாங்குனதுக்கு அப்பறம் அந்த மில்லு மூடிப் போச்சு. பேரு எதுக்கு, இப்ப அங்க கல்யாண மண்டபம் நிக்குது. மூடுன அன்னிக்கு ஆபீஸ் ரூம்புக்குப் பூட்டுப் போட்டாங்க. நெம்பர் எழுதியிருந்த ரிஜிஸ்டரெல்லாம் உள்ள, சனமெல்லாம் கேட்டுக்கு வெளிய. வாட்ச்மேனைக் கேட்டா, "எனக்கே ரெண்டு மாசச் சம்பளம் பாக்கிங்க"ங்கறான். அப்ப எவன் ஊட்டுல கெழவி மருந்துச் சீட்டைச் சேத்து வெச்சிருந்தாளோ, அவன்தான் மொதல்ல போய் எழுதிக் குடுத்தான். கம்பெனி ஆபீஸை நம்பி நெம்பரை அங்க உட்டு வெக்காதேன்னு நான் சொல்றது அதைப் பாத்துத்தான்.

எனக்கு அந்த நெம்பர்ல இப்ப என்ன லாபம்னு கேக்கறியா? அஞ்சு வருசத்துக்கு மேல இன்சூரன்ஸ்ல இருந்து வயசாகி ஓய்வு வாங்குனவங்க, வருசத்துக்கு 120 ரூவா கட்டுனா அவங்களுக்கும் ஊட்டுக்காரிக்கும் வைத்தியம் பாப்பாங்க. 120 ரூவா, நீ ஒரு பிரியாணிக்குக் குடுக்கறது. அதே பழைய நெம்பரைச் சொல்லித்தான் நானும் உன்ற அம்மிச்சியும் சிங்காநல்லூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறோம். பல்லு போச்சு, நெம்பர் போகுல.

காசு எவ்வளவு வரும்னு கேக்கறதுக்கு வாயெடுக்கறே, தெரியுது. நீ கேக்கற திட்டத்துக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனான்னு பேரு. ஒரே மூச்சுல சொல்லிப் பாரு, அதுக்கே ஒரு படி குடுக்கலாம். 2018 ஜூலைல தொடங்குனாங்க, அப்ப கால்வாசிக் கூலிதான். கொரோனா வந்து ஊரடங்கு போட்ட 2020 மார்ச்சுக்கு அப்பறம் அரைவாசி ஆக்குனாங்க. அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்க்கைல ஒருக்காத்தான். முந்தி வேலை போய் 90 நாள் கழிச்சுத்தான் கேக்க முடியும், அதை 30 நாளாக் கொறைச்சாங்க. கம்பெனி மூலமா அனுப்போணும்ங்கறதையும் எடுத்துப்போட்டு, நேரா நீயே கேக்கலாம்னு ஆக்குனாங்க. இதைச் சோதனையாத் தொடங்கி அப்பப்ப நாளை நீட்டிச்சுட்டு வாறாங்க, அதனால ஆபீஸுக்குள்ள நுழைஞ்சதும் "இப்ப நடப்புல இருக்குதுங்களா?"ன்னு மொதக் கேள்வியா அதைக் கேட்டுரு.

மாசம் 15,000 ரூவா உனக்குச் சம்பளம்னு வெய்யி. நாளைக்குச் சராசரி ஏறக்குறைய 500. பாதி 250. 90 நாளுக்கு 22,500. இதுக்கு உன்கிட்ட எவ்வளவு புடிச்சாங்க? சம்பளத்துல முக்கால் சதவீதம், 15,000க்கு 113 ரூவா. முதலாளி தன் பங்குக்கு மூணேகால் சதவீதம் கட்டுனாரு. மாசம் 113 ரூவா புடிச்சதுக்கு நீ கேன்டீன்ல நின்னு, "நம்ம காசை முழுங்கறாங்கடா"ன்னு அரசியல் பேசுனயல்லோ, அதைத் திருப்பி வாங்கற நெம்பர்தான் அந்த மஞ்சப்பைல தூங்குது.

இன்னொரு திட்டமும் இருக்குது, ராஜீவ் காந்தி பேர்ல, 2005 ஏப்ரல்லருந்து. ஆலையைச் சட்டப்படி மூடுனாலோ, ஆள்கொறைப்புன்னு அனுப்புனாலோ அது வரும். மொத வருசம் பாதிக் கூலி, ரெண்டாவது வருசம் கால் கூலி, கூடவே வைத்தியமும். உன்ற கம்பெனி மூடுல, ஆர்டர் இல்லீன்னுதான் அனுப்புனாங்க. எதுக்கு நீ தகுதின்னு ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்க சொல்லட்டும், டீக்கடை சொல்ல வேண்டாம்.

அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கோணும், என்ற கண்ணைப் பாத்துச் சொல்லு. கணக்கு முடிக்கறேன்னு கூப்புட்டு ஏதாச்சும் காகிதத்துல கையெழுத்து வாங்குனாங்களா? "சொந்தக் காரணத்தால் வேலையை விட்டு நிற்கிறேன்"னு அச்சடிச்சு வெச்சிருப்பாங்க. நீ அதுல தேதி கூடப் போடாம கையெழுத்துப் போட்டிருப்பே, பாக்கிச் சம்பளம் வந்தாப் போதும்னு. தானா நின்னவனுக்கு இந்தப் படி கெடையாது. குத்தம் பண்ணி வெளிய அனுப்புனவனுக்கும் கெடையாது. அதுபோக, கம்பெனி மாசாமாசம் இ.எஸ்.ஐ. கணக்கு ஏத்தும்போது, வேலைக்கு வராத ஆளுக்கு நேரா ஏன் வருலன்னு ஒரு காரணத்தைத் தட்டோணும். வேலையை உட்டு நின்னுட்டான், வேலை இல்ல, ஆள்கொறைப்புன்னு வரிசையாப் போட்டிருக்கும். அங்க ஏ.சி. ரூம்புல உக்காந்துட்டு அவன் எந்தக் கட்டத்தைத் தட்டறானோ, அதுதான் இங்க உன்ற தலையெழுத்து. அதனால எச்.ஆர். பொண்ணு போனை எடுத்தா, நெம்பரோட, "என்ன காரணம்னு போட்டிருக்கறீங்க அம்மணி?"ன்னும் ஒரு வார்த்தை கேட்டு வெய்யி. "சொந்தக் காரணம்"னு போட்டிருந்தா, நீங்கதானுங்களே ஆர்டர் இல்லீன்னு அனுப்புனீங்கன்னு எழுத்துலயே திருப்பிக் கேளு. வாயில பேசுனது காத்தோட போயிரும்.

நெம்பர் கெடைச்சு உள்ள நுழைஞ்சயின்னா, மொதல்ல காசுக்கு மனுப் போடாதே. நீ வேலை செஞ்ச மாசத்தையெல்லாம் வரிசையா எடுத்துப் பாரு. சம்பளத்துல புடிச்சுப்போட்டு, கட்டாம உட்ட மாசம் ஏதாச்சும் இருக்குதா, 26 நாள் வேலைக்கு 12 நாள்னு காட்டியிருக்குதான்னு பாரு. புடிச்ச காசைக் கட்டாம வெச்சுக்கறது சட்டப்படி குத்தம். அந்த மாசத்துச் சம்பளச் சீட்டு இருந்தா நீ பேசலாம். அது இல்லீன்னா புரோட்டாக் கடைக்காரனைத்தான் சாட்சிக்குக் கூப்புடோணும்.

சிரிச்சது போதும். உன்ற சித்தப்பனைப் பாரு. பவர்டேபிள்ல பீஸ் ரேட்டுக்குத் தைக்கறான். அவனுக்குப் பத்து இலக்கமும் இல்ல, பன்னெண்டும் இல்ல. சனிக்கிழமை கைல காசு, அத்தோட உறவு முடிஞ்சுது. வேலை போனா எவங்கிட்டயும் எதையும் கேக்க முடியாது. பனியன் ஊர்ல அவனாட்டம் எத்தனையோ பேரு உண்டு. அவனுக்கு நான் என்ன புத்தி சொல்றது? அவனைக் கேலி பண்ண எனக்கு வாய் வராது. நெம்பர் இருந்தும் அது எங்கன்னு தெரியாதவனைத்தான் நான் பண்ணுவேன், பண்ணிட்டே இருப்பேன்.

அந்த ஆபீஸுக்குப் போறப்ப, பேன்ட்டுல ஓட்டை இருக்கற அந்தப் புதுப் பேஷனைப் போடாதே. வேலை போன அன்னிக்கே கிழிஞ்சுபோச்சுன்னு இரக்கப்பட்டு ஒண்ணும் எச்சாக் குடுக்க மாட்டாங்க. கூட்டமா இருந்தா வெளிய திண்ணைல உக்காந்திருக்கற ஆளு வந்து, "நான் முடிச்சுத் தாறேன், ஆயிரம் ரூவா குடு"ம்பான். உன்ற ஆதாரை எடுத்துட்டுப் போனா உள்ளயே நெம்பரைத் தேடிச் சொல்லுவாங்க, அதுக்குக் காசு கெடையாது. போக முடியுலன்னா 1800-11-2526னு இலவச போன் இருக்குது. லைன் கெடைக்கற வரைக்கும் பாட்டுப் போடுவாங்க, நீதான் ரீல்ஸ் பாக்கறவனாச்சே, பொறுமையாக் கேட்டுக்குவே.

திங்கக்கிழமை காத்தால மொத பஸ்ஸுக்குக் கெளம்பு. ஆதாரு, பேங்க் பாஸ்புக்கு, உன்ற ஆத்தா மருந்துச் சீட்டு, பழைய போன் நெம்பரு உசுரோட இருந்தா அந்த சிம்மு, எல்லாத்தையும் எடுத்துக்கோ. சீட்டைக் காட்டி முடிச்சதும் மறுபடி மஞ்சப்பைலயே வெச்சுரு, அடுத்த மாசம் அவளுக்கு மாத்திரை வாங்கோணும். அப்பறம் உன்ற தம்பி இன்னம் வேலைல இருக்கறானல்லோ, அவனை இன்னைக்கு ராத்திரியே கூப்புட்டு, சம்பளச் சீட்டைப் பாத்து அவன் நெம்பரை ஒரு நோட்டுல எழுதி வெக்கச் சொல்லு. அவனுக்கு எச்.ஆர். பொண்ணு இப்ப மொத ரிங்குலயே போனை எடுக்கும்.